கடைசியாக உடுத்துபவர் கரையில்

தோருனின் இரண்டு கைகளும் பியார்னேயின் கழுத்துக்கும் முக்குளிப்பு உடையின் ரப்பர் பட்டைக்கும் நடுவே இருந்தன. விரல்களை உள்ளே விட்டு, பட்டையைச் சுற்றிலும் விரித்து, சிக்கிக்கொண்ட முடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தோரம் நாலு முடி சிக்கினால் போதும், அந்த வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். பவுடர் பூசிய விரல்கள் மாவில் கைவைத்தவை போல வெளுத்திருந்தன.

"இறுக்குதா?"

"பரவாயில்ல."

"மூச்சு முட்டுதா?"

"பரவாயில்ல."

"பியார்னே, கழுத்தை அறுத்தாக்கூட பரவாயில்லன்னுதான் சொல்லுவியா?"

அவன் சற்று யோசித்தான். "கொஞ்சம் இறுக்குது," என்றான். "ஆனா பரவாயில்ல."

அவனுக்கு நாற்பது வயதிருக்கும். சால்மன் பண்ணையின் மிதவையில் மீனுக்குத் தீவனம் போடுகிற வேலை. வருடம் முழுக்கக் கடலின் மேலேயே நிற்கிறவன், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. உனக்கெல்லாம் அந்தத் தைரியம் வராது என்று அவன் மனைவி சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாளாம். அதனால் இந்த நவம்பர் சனிக்கிழமை காலையில், சில்டவிக் ஸ்கூபா சங்கத்தின் படகுக்கொட்டகையில், வாழ்க்கையில் முதல்முறையாக, நீர் புகாத டிரை சூட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தான்.

தோருனுக்கு ஆளுக்கு உடுத்திவிடுவது புதிதல்ல. பதினேழு வயதிலிருந்து அதுதான் பிழைப்பு. முதியோர் இல்லத்தில் கைமடங்காத கிழவர்களுக்குச் சட்டை போட்டுவிடுகிற அதே முறைதான் இங்கேயும்: முதலில் வராத கை, பிறகு வருகிற கை, கடைசியில் தலை. தலை நுழையும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டுக்குள் மாட்டிக்கொண்டவன் கிழவனானாலும் வாலிபனானாலும் ஒரே மாதிரிதான் திமிறுவான்.

நேற்று அவளுக்கு நைட் டூட்டி. ஒரு பழைய மாலுமி, வலை இழுக்கப் போக வேண்டும் என்று படுக்கையைவிட்டு எழுந்து எழுந்து வந்துகொண்டிருந்தார். அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து வராந்தாவில் நடத்தி நடத்தியே விடிந்துவிட்டது. இல்லத்திலிருந்து நேராகக் காரில் இங்கே வந்திருக்கிறாள். கண்ணுக்குள் மணல் விழுந்தது போல உறுத்தியது. பாதங்கள் செருப்புக்குள் அடங்கவில்லை. தூங்காத கண்ணோடு ஒரு புது ஆளைத் தண்ணீருக்குள் விட்டுக் கரையில் காவல் நிற்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வியாழக்கிழமையே சொல்லியிருந்தாள்.

"சனிக்கிழமை எனக்கு நைட் முடிஞ்சு வர்ற நாள். கரையில வேற யாராச்சும் நில்லுங்க," என்று சங்கத்து ஹல்வாரிடம் போனில் சொன்னாள்.

"கண்டிப்பா தோருன், நாங்க பாத்துக்கறோம், நீ நிம்மதியா தூங்கு," என்றான் ஹல்வார்.

ஹல்வார் எப்படிப் பார்த்துக்கொள்வான் என்பது தெரிந்திருந்ததால்தான் வந்தாள்.

சங்கத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. கடைசியாக உடுத்தி முடிப்பவர் கரையில் நிற்க வேண்டும். யாராவது ஒருவர் நனையாமல் கரையில் நின்றால்தான் மற்றவர்கள் தண்ணீருக்குள் போகலாம். நிற்பவருக்கு வேறு வேலை கிடையாது. பேசக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது, காபி போடப் போகக் கூடாது. நீரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சட்டம் நல்ல சட்டம். ஆனால் அது வந்ததிலிருந்து யாருக்கும் கடைசியாக உடுத்த மனமில்லை. அவசர அவசரமாக உடுத்தினார்கள். பிறகு பாதி உடுத்திக்கொண்டு வந்தார்கள். ஹல்வார் ஒருபடி மேலே போனான். வீட்டிலேயே மனைவி கையால் முதுகு ஜிப்பைப் போடச் செய்து, முழு டிரை சூட்டோடு கார் ஓட்டி வந்துவிடுவான். அந்தக் கோலத்திலேயே ஒருமுறை பெட்ரோல் போட இறங்கி, கடைக்காரப் பெண்ணைக் கலங்கடித்திருக்கிறான். சூட்டுக்குள் ஏறிவிட்டவனை எவன் கரையில் நிற்கச் சொல்வது?

தோருனிடம் சூட் கிடையாது. ஆகவே எல்லா வாரமும் கடைசி ஆள் அவள்தான்.

அவள் இந்தப் படகுத்துறையில் நிற்கத் தொடங்கியதே புருஷனுக்காக. சிக்பியோர்ன் தண்ணீருக்குள் போவான், இவள் பிளாஸ்க்கோடு காத்திருப்பாள். சில கோடைகாலங்கள் இவளும் கூடவே இறங்கினாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவள் நெஞ்சுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், இனி ஆழமெல்லாம் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு சிக்பியோர்ன், தண்ணீரே பிடிக்காத ஒருத்தியோடு ஸ்டவாங்கர் பக்கம் போய்விட்டான். தன் சூட்டையும் எடுத்துப்போனான். அங்கே அதை என்ன செய்கிறான் என்று தோருன் சில சமயம் யோசிப்பாள். ரொம்ப நேரம் யோசிக்க மாட்டாள். அவன் போன பிறகும் சனிக்கிழமைகளில் அவள் வந்து நின்றாள். யாரும் வராதே என்று சொல்லவில்லை, அவளும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

கொட்டகைக் கதவு திறந்தது. ஹல்வார் தலை முதல் கால்வரை கறுப்பு ரப்பரில், கடல்நாய் மாதிரி உள்ளே வந்தான்.

"தோருன்! நீ வந்துட்டியா? தூங்கலையா?"

"நீ கல்யாண உடுப்புக் கலையாத மாப்பிள்ளை மாதிரி வந்து நிப்பேன்னு தெரியும், அதான் வந்தேன்."

"நான் என்ன பண்ண, வீட்டுல அவ போட்டுவிட்டுட்டா. கழட்டினா மறுபடி யாரு போடுறது?"

"நான் போடுவேன். நீ கழட்டிட்டுக் கரையில நில்லு. நான் கார்ல படுத்துத் தூங்குறேன்."

ஹல்வார் சிரித்தான். அது நகைச்சுவை என்று நினைத்துக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது. "ஐவின்டுக்கு உதவிக்கு நான் வேணுமே. புது ஆளுக்குப் பின்னாடி, கால் பக்கம் ஒருத்தன் வரணும். அதுவும் சட்டம்தானே?"

அதுவும் சட்டம்தான். ஐவின்ட் சங்கத்தின் பயிற்சியாளன். வார நாட்களில் படகுச் சேவையில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துகிற வேலை. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே தோருனுக்கு அவனைத் தெரியும். அவன் அப்போது பியார்னேக்கு முன் குந்தி உட்கார்ந்து, நிதானமாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நல்லா கேட்டுக்க. இந்த சூட்டுக்குள்ள காத்து இருக்கு. அந்தக் காத்துதான் உனக்குப் போர்வை. கீழ போகப் போகத் தண்ணி சூட்டை அமுக்கும். அப்ப நெஞ்சுல இருக்கற இந்தப் பொத்தானை அமுக்கி, கொஞ்சமா காத்து விட்டுக்கணும். கொஞ்சமா. மேல வரும்போது இடது கையைத் தூக்கு. தோள்பக்கம் இருக்கற வால்வு வழியா காத்து தானா வெளிய போயிடும்."

"சரி."

"ஒரே ஒரு ஆபத்து. காத்து கால் பக்கம் போயிடுச்சுன்னா நீ தலைகீழா, பலூன் மாதிரி மேல கிளம்பிடுவ. வேகமா மேல வந்தா நுரையீரல் தாங்காது. அதனால கால் தூக்குதுன்னு தெரிஞ்ச உடனே முழங்காலை மடக்கு, உருண்டு எழுந்திரு, கையைத் தூக்கு. மூச்சை மட்டும் பிடிச்சு வைக்காத. எப்பவும் விட்டுக்கிட்டே இரு. ஹல்வார் உன் காலுக்குப் பின்னாடியே இருப்பான். நான் உன் மூஞ்சிக்கு எதிர்ல இருப்பேன். ரெண்டு ஆள் ஆழத்துக்கு மேல போக மாட்டோம். புரியுதா?"

"பரவாயில்ல."

"புரியுதா புரியலையான்னு கேட்டேன்."

"புரியுது."

தோருன் பியார்னேயைத் திருப்பி நிறுத்தினாள். சங்கத்தின் சூட்டுகளில் ஜிப் முதுகில், ஒரு தோளிலிருந்து மறுதோள்வரை ஓடும். போட்டிருப்பவரால் தானே மூட முடியாது. அதனால் இங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. ஜிப்பை மூடியவர், மூடி முடித்ததும் அந்த ஆளின் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் மூடிவிட்டேன், நீ திரும்பி வரும்வரை இங்கேயே இருப்பேன் என்று அதற்கு அர்த்தம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பியார்னே உள்ளே சங்கத்தின் மெல்லிய உடையைப் போட மறுத்து, தன் சொந்தக் கம்பளி ஸ்வெட்டரைப் போட்டிருந்தான். மாமியார் பின்னியது. இரண்டு ஆடுகளின் ரோமமாவது அதில் இருக்கும். ஜிப்பை முக்கால்வாசி இழுத்தபோது கம்பளி நூல் ஒன்று பல்லில் மாட்டியது. தோருன் ஜிப்பை நிறுத்தி, நகத்தால் நூலை எடுத்தாள். மெழுகு தேய்த்தாள். மறுபடி இழுத்தாள். இன்னும் இரண்டு விரலகலம் பாக்கி இருந்தது.

"தோருன், எனக்கும் ஒரு கை கொடேன்," என்று ஐவின்ட் முதுகைக் காட்டினான்.

திரும்பி அவனுக்கு ஜிப்பை இழுத்தாள். கடைசி முனையில் ஜிப் போய் முட்டுகிற சின்ன அதிர்வு கட்டைவிரலில் தெரிந்தது. தோளில் இரண்டு தட்டு. பிறகு பியார்னே பக்கம் திரும்பினாள். அவன் தொங்கவிட்ட கைகளோடு, பந்தியில் இடம் கிடைக்காதவன் போல நின்றுகொண்டிருந்தான். அவன் தோளிலும் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போ. உன் பெண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லிக்கலாம்."

வெளியே மேகம் தாழ்ந்து, எதிர்க்கரை மலையைப் பாதியில் வெட்டியிருந்தது. மரத்துறையின் ஓரம் வழுக்கும் பாசி. மூவரும் படகு இழுக்கும் சரிவு வழியாக மெல்ல நீருக்குள் இறங்கினார்கள். தோருன் துறையின் நுனியில், இரும்பு ஏணிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஏணியில் ஒரு சுத்தியல் கயிற்றில் தொங்கும். மூன்று அடி அடித்தால், கீழே இருப்பவர்கள் எதை விட்டுவிட்டாவது மெதுவாக மேலே வர வேண்டும். அங்கே ஒரு மீன்பெட்டியும் கவிழ்ந்து கிடந்தது, உட்காருவதற்குத் தோதாக. அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள்.

மார்பளவு நீரில் ஐவின்ட் பியார்னேயை மண்டியிட வைத்து, கையைத் தூக்கச் செய்து, பிறகு மல்லாக்க மிதக்கவிட்டான். மல்லாந்தபோது பியார்னேயின் முகம் ஒரு கணம் சுருங்கியது. தோருன் அதைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா?" என்று கத்தினாள்.

பியார்னே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினான். பரவாயில்லை என்பதை இந்த ஊர்க்காரன் விரலாலும் சொல்வான்.

கேட்டது தப்பு. கேட்டவுடனே அவளுக்கே தெரிந்தது. இல்லத்தில் அவள் யாரிடமும் எல்லாம் சரியா என்று கேட்டதே இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள், இடுப்பெலும்பு உடைந்து கிடந்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். எங்கே வலிக்கிறது, எந்தக் கால் குளிர்கிறது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய் என்று கேட்க வேண்டும். ஆம், இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்விகள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான். இன்று அவளுக்கே வாய் சோம்பிவிட்டது.

மறுபடி கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மூன்று தலைகளும் உள்ளே போய்விட்டன.

நீர் மேல் மூன்று இடங்களில் குமிழி வந்தது. தோருன் அவற்றைப் பார்த்தபடி நின்றாள். இருட்டில், கதவோரம் நின்று, தூங்குகிறவர்களின் மூச்சைக் கேட்பது அவள் வேலையில் ஒரு பாதி. வரும், போகும், கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் காது எண்ணிக்கொண்டிருக்கும். குமிழியும் அப்படித்தான். ஒரு கொத்து வந்து உடையும். பிறகு ஒன்றுமிருக்காது. பிறகு இன்னொரு கொத்து.

அவள் கண் இமை தானாக இறங்கியது. உலுக்கித் திறந்தாள். கன்னத்தில் ஒரு அறை விட்டுக்கொண்டாள். துறையில் வேறு யாரும் இல்லாததால் அதை யாரும் பார்க்கவில்லை.

ஒரு குமிழிக்கொத்து மற்ற இரண்டை விட்டுப் பிரிந்து, இடதுபக்கப் பாறைகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஹல்வார். அந்தப் பாறையிடுக்கில் ஓநாய்மீன் ஒன்று குடியிருக்கிறது என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். புது ஆளின் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டியவன், மீன் பார்க்கப் போய்விட்டான்.

"படுபாவி," என்றாள் தோருன், கடலைப் பார்த்து.

மீதி இரண்டில் ஒன்று ஐவின்டினுடையது. வந்தது, நின்றது, வந்தது. இன்னொன்று நிற்கவே இல்லை. பெரிய கொத்துகளுக்கு நடுவே, சோடா பாட்டிலைத் திறந்தது போலப் பொடிப்பொடியாக, விடாமல் வந்துகொண்டிருந்தது.

மூச்சென்றால் நடுவில் நிற்க வேண்டும். நிற்காதது ஓட்டை.

அப்போதுதான் அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். ஐவின்டின் ஜிப் போய் முட்டிய அதிர்வு விரலுக்கு நினைவிருந்தது. பியார்னேயின் ஜிப் முட்டியதா? நூலை எடுத்தது நினைவிருந்தது. மெழுகு தேய்த்தது, தோளில் தட்டியது நினைவிருந்தது. முட்டியது நினைவில்லை. எவ்வளவு தோண்டியும் இல்லை.

சுத்தியலைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் ஒரு கணம் தயங்கினாள். ஒன்றுமில்லாமல் போனால் ஹல்வார் மாதக்கணக்கில் இதைச் சொல்லிச் சிரிப்பான். தூக்கக் கலக்கத்தில் கிழவி சுத்தியல் அடித்தாள் என்பான். புது ஆள் பயந்து, இனி இந்தப் பக்கமே வரமாட்டான். அப்படி எல்லாம் நினைத்துக்கொண்டே இரும்பு ஏணியில் ஓங்கி மூன்று அடி அடித்தாள். நிறுத்தி, மறுபடி மூன்று.

கீழிருந்து இரண்டு குமிழிக் கூட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. மெதுவாகச் சரிவுப் பக்கம் நகர்ந்தன. நேரம் எடுத்தது. முதலில் ஐவின்டின் தலை வந்தது. அவன் பியார்னேயைத் தோள்பட்டை வாரில் பிடித்திருந்தான். பியார்னே வழக்கத்தைவிடத் தாழ்ந்து, மோவாய்வரை நீரில் மூழ்கி மிதந்தான். உதடு ஊதாவாகியிருந்தது.

"என்ன ஆச்சு?" என்று ஐவின்ட் கத்தினான்.

"முதுகு! ஜிப் திறந்திருக்கு! ஏணிப்பக்கம் கொண்டுவராத, சரிவுலயே இழு!"

நீருக்குள் இருக்கும்வரை, சூட்டுக்குள் புகுந்த நீர் கனக்காது. வெளியே வந்ததும் அது காலில் கட்டிய கல்லாகிவிடும். பியார்னே எழுந்து நிற்கப் பார்த்தான். இரண்டு கால்களும் நீர் நிரம்பிய குடம் போலப் பருத்து, மடங்காமல் நின்றன. தோருன் முழங்காலளவு நீருக்குள் செருப்போடு இறங்கினாள். ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து, அவனை உட்கார்ந்த நிலையிலேயே சரிவில் பின்னோக்கி இழுத்துப் போட்டார்கள். இடுப்பு நோகாமல் கனத்த உடம்பை இழுக்க அவளுக்குத் தெரியும். ஆனாலும் இடுப்பு நொந்தது.

ஜிப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஐவின்டும் பார்த்தான்.

கொட்டகைக்குள் அடுப்பருகே அவனைப் படுக்க வைத்து, ஜிப்பை முழுக்கத் திறந்து சூட்டை உரித்தார்கள். உள்ளிருந்த நீர் தரையெல்லாம் ஓடியது. பியார்னே நடுங்கினான். நடுங்குவது நல்லதுதான். உடம்பு இன்னும் கைவிடவில்லை என்று அர்த்தம். அவன் கால்களைத் தேய்த்துவிட ஐவின்ட் கை நீட்டினான்.

"தேய்க்காத! கையையும் காலையும் விடு. நெஞ்சும் வயிறும்தான் முதல்ல சூடாகணும். அந்தப் போர்வையை எடு."

கம்பளி ஸ்வெட்டர் ஊறி, தோலோடு ஒட்டியிருந்தது. தோருன் அலமாரியிலிருந்து கத்தரியை எடுத்ததும் பியார்னேக்கு முதல்முறையாக உயிர் வந்தது.

"வெ... வெட்டாத! மாமியார்... பின்னினது!"

"மாமியாருக்கு மருமகன் வேணுமா, ஸ்வெட்டர் வேணுமா?"

"உனக்கு... அவளைத் தெரியாது."

அவள் கத்தரியை வைத்துவிட்டாள். வராத கையிலிருந்து ஆரம்பித்து, முழங்கையை மடக்கி, துணியைச் சுருட்டிச் சுருட்டிக் கழற்றினாள். துடைத்தாள். காய்ந்த போர்வையைச் சுற்றினாள். நடுக்கம் கொஞ்சம் அடங்கி, அவன் தானாக உட்கார்ந்து, மனைவி பெயரையும் நாளையும் சரியாகச் சொன்ன பிறகுதான் பிளாஸ்க்கிலிருந்து சர்க்கரை போட்ட கொதிபாலைக் கொடுத்தாள். கோப்பையை அவன் கையில் கொடுக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டாள்.

"முதுகுல தண்ணி இறங்கினது எப்பத் தெரிஞ்சுது?"

"மல்லாக்கப் படுத்தப்பவே."

"ஏன் சொல்லல?"

பியார்னே கோப்பையைப் பார்த்தான். "டிரை சூட்னா எல்லாருக்கும் கொஞ்சம் ஈரமா இருக்கும்போலன்னு நெனச்சேன். நான் புதுசு. வந்த அன்னைக்கே குறை சொல்றதான்னு..." பிறகு, "கீழ மூழ்கற மாதிரி இருந்துச்சு. அதனால பொத்தானை அமுக்கிக்கிட்டே இருந்தேன். காத்து எங்க போச்சுன்னே தெரியல," என்றான்.

ஐவின்ட் அடுப்பைப் பார்த்தபடி சொன்னான்: "தண்ணில இறங்கறதுக்கு முன்னாடி நான் கைவெச்சுப் பாத்திருக்கணும். தோருன் தட்டினதைப் பாத்தேன். அதான் கைவைக்கல."

அந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு ஹல்வார் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"பெருசு! இவ்வளவு பெருசு! பல்லு ஒவ்வொண்ணும்..." தரையில் ஓடிய நீரையும் போர்வைக்குள் இருந்தவனையும் பார்த்து நிறுத்தினான். "என்ன ஆச்சு?"

"சுத்தியல் கேக்கலையா?" என்றான் ஐவின்ட்.

"கேட்டுச்சு. வந்துக்கிட்டுதானே இருந்தேன்." அதோடு நிறுத்தவில்லை. "ஜிப்பா? அது பழைய ஜிப். எத்தனை தடவை சொன்னேன் மாத்தணும்னு."

"ஜிப் நல்லாத்தான் இருக்கு," என்றாள் தோருன். "நான் மூடல. மூடாம தட்டினேன்."

"நீயா?"

"நானேதான். தூக்கம். கை தானா தட்டிடுச்சு."

"அப்ப முடியலன்னு சொல்லியிருக்கணும் இல்ல?"

"வியாழக்கிழமை சொன்னேன்."

ஹல்வார் தலைக்குல்லாவைக் கழற்றி, அதிலிருந்த நீரை வெகுநேரம் பிழிந்தான். அவ்வளவு நீர் அதில் இல்லை.

பியார்னே போர்வைக்குள்ளிருந்து தொண்டையைச் செருமினான். "நாளைக்கும் இருக்குன்னு சொன்னீங்களே. நான் வரலாமா?"

மூவரும் அவனைப் பார்த்தார்கள்.

"ரெண்டு நிமிஷம் ஒரு நட்சத்திர மீனைப் பாத்தேன்," என்றான் பியார்னே. "குளிரு இல்லாம பாத்தா நல்லா இருக்கும்போல இருந்துச்சு. ராத்திரி நல்லா இருந்தா வர்றேன். இல்லேன்னா வரல."

"எனக்குப் போன் பண்ணு. நான் சொல்றேன் நீ நல்லா இருக்கியா இல்லையான்னு," என்றாள் தோருன். எழுந்து தன் ஈரக் காலுறைகளைப் பிழிந்து, செருப்புக்குள் வெறுங்காலை விட்டாள். "ஆனா நான் வரமாட்டேன். நாளைக்கு இல்ல. இனிமே நைட் முடிஞ்ச எந்த நாளும் இல்ல."

"அப்ப கரையில யாரு?" என்றான் ஹல்வார்.

"சட்டம் இருக்கே. கடைசியா உடுத்தறவங்க."

"நாளைக்கு நாங்க ரெண்டு பேருதான் தோருன். ஐவின்ட் தண்ணிக்குள்ள இருக்கணும். நான்..."

"நீ கடைசியா உடுத்து. இல்ல, உடுத்தவே உடுத்தாத. ஆழம் போகாம, நெஞ்சளவு தண்ணியில, ஐவின்ட் மட்டும் கூட இருக்கட்டும். நீ மேல நின்னு பாரு. முடியாதுன்னா யாரும் இறங்க வேண்டாம். வாஃபிள் சுட்டுச் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் காருக்குப் போனாள். ஓட்டவில்லை. அந்தக் கண்ணோடு ஓட்டியதே காலையில் செய்த முதல் தப்பு என்று இப்போது தோன்றியது. இருக்கையைச் சாய்த்து, ஐவின்ட் கொண்டுவந்து போர்த்திய சாக்குப் போர்வைக்குள் தூங்கினாள். மதியத்துக்கு மேல் எழுந்து வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் பியார்னே போன் செய்தான். எந்த விரல் மரத்திருக்கிறது, என்ன சாப்பிட்டாய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். வாங்கவில்லை. மாமியார் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டாளா என்றும் கேட்டாள். பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. காபி போட்டு, ரொட்டியின் மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். அவள் வீடு மேட்டில். அங்கிருந்து பார்த்தால் துறை முழுக்கத் தெரியும். ஐவின்டின் காரும், பண்ணையின் பெயர் எழுதிய ஒரு வண்டியும், ஹல்வாரின் காரும் நின்றன.

துறையின் நுனியில், ஏணிக்குப் பக்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் நின்றான். நடையைப் பார்க்காமலே தெரிந்தது, ஹல்வார். கறுப்பு ரப்பர் இல்லாமல் அவன் சின்ன ஆளாகத் தெரிந்தான். இரண்டு கையும் பாக்கெட்டில். சரிவில் ஐவின்டும் பியார்னேயும் முட்டியளவு நீரில் நின்றுகொண்டிருந்தார்கள்.

போனை எடுத்தாள். துறையில் ஹல்வார் பாக்கெட்டைத் தடவுவது தெரிந்தது. எடுக்கலாமா கூடாதா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு எடுத்தான்.

"கரையில நிக்கறவன் போன் எடுக்கக் கூடாதுல்ல?" என்றாள்.

"நீதானேன்னு எடுத்தேன்! இன்னும் இறங்கல."

"ஜிப் யாரு போட்டது?"

"நான்."

"முட்டுச்சா?"

"முட்டுச்சு. ஐவின்டும் விரல் வெச்சுப் பாத்தான். அப்புறம்தான் தட்டினேன்." குரல் தாழ்ந்தது. "இங்க என்னா குளிரு தோருன். கால் ரெண்டும் போயிடுச்சு. நீ எப்படித்தான் நிப்ப?"

"ரெண்டு ஜோடி காலுறை போடுவேன். அவனைக் கேளு."

"யாரை?"

"பியார்னேயை. எல்லாம் சரியான்னு கேக்காத. எங்க குளிருதுன்னு கேளு."

ஹல்வார் போனை இறக்கிவிட்டுச் சரிவை நோக்கிக் கத்துவது போனில் மங்கலாகக் கேட்டது. பியார்னே தோளை அசைத்துப் பார்த்தான், முதுகை நெளித்துப் பார்த்தான். நிதானமாக யோசித்து ஏதோ சொன்னான்.

"மூக்குலயாம்," என்றான் ஹல்வார் போனில். "வேற எங்கயும் இல்லையாம்."

"சரி. போனை உள்ள வை. கையை வெளிய எடு. உக்காராத."

அவன் போனை வைத்தான். கைகளை வெளியே எடுத்தான். அவன் நீரைப் பார்க்கத் தொடங்கும்வரை தோருன் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொட்டியைத் தின்று முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி படுக்கப் போனாள்.